சாவி யார் கையில்? சிறை அவசரநிலைகள்: வாசகர் கேள்வி – பதில்

தீ, கலவரம், திடீர் நோய், தற்கொலை முயற்சி போன்றவற்றைச் சிறைகளில் எப்படித் தடுக்கிறார்கள், நடந்துவிட்டால் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று கேட்டு வந்த கடிதங்களில் சில இங்கே. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

சினிமாவில் சிறை என்றாலே சுவரேறித் தப்புவதுதான். நிஜத்தில் சிறை நிர்வாகத்துக்கு எது பெரிய கவலை?
– வாசகர், திண்டுக்கல்

தப்பி ஓட்டம் எப்போதாவது நடப்பது. அதனால்தான் தலைப்புச் செய்தியாகிறது. நெஞ்சுவலி, வலிப்பு, தூக்கு முயற்சி, வயிற்றுப்போக்கு, இரண்டு கோஷ்டிகளுக்குள் கைகலப்பு இவையெல்லாம் எந்த நாளிலும் வரக்கூடியவை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில், 2022இல் இந்தியச் சிறைகளில் இயற்கைக்கு மாறான சாவுகள் 159. அவற்றில் 119 தற்கொலைகள். நோய், முதுமை என்று 'இயற்கை' கணக்கில் சேர்ந்தவர்கள் 1,773 பேர். இவர்களில் எத்தனை பேரைச் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று அந்த அட்டவணை சொல்லாது.

அதே ஆண்டில் நாடு முழுவதும் 100 பேருக்கான இடத்தில் 131 பேர் இருந்தார்கள். நான்கில் மூன்று பங்கு விசாரணைக் கைதிகள். வெளியே ஒரு வீட்டில் புகை வந்தால் ஆள் எழுந்து ஓடலாம். உள்ளே இருப்பவருக்கு இன்னொருவர் வந்து பூட்டைத் திறந்தால்தான் உண்டு. சிறையில் அவசரநிலைத் திட்டம் என்பது பெரும்பாலும் அந்த 'இன்னொருவர்' எத்தனை நிமிடத்தில் வருவார், வந்து என்ன செய்வார் என்பதற்கான ஏற்பாடுதான்.

இரவில் பிளாக்கில் தீப்பிடித்தால் உண்மையிலேயே திறந்துவிடுவார்களா? என் தம்பி உள்ளே இருக்கிறான். இந்த நினைப்பிலேயே தூக்கம் வருவதில்லை.
– வாசகி, வேலூர்

உங்கள் பயம் வீண் பயம் அல்ல. 1930 ஏப்ரல் 21 அன்று மாலை அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில் இருந்த ஓஹையோ மாநிலச் சிறையில் தீப்பிடித்தது. 1,500 பேருக்குக் கட்டிய இடத்தில் 4,300 பேர் இருந்தார்கள். எல்லாரையும் செல்லில் அடைத்துப் பூட்டிக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. காவலர்கள் திறக்கத் தயங்கினார்கள். இரண்டு கைதிகள் ஒரு காவலரிடமிருந்து சாவியைப் பறித்துப் போய்ச் சிலரைக் காப்பாற்றினார்கள். 322 பேர் செத்தார்கள். எண்பது ஆண்டுகள் கழித்து, 2012 பிப்ரவரி 14 இரவு, ஹோண்டுராஸ் நாட்டில் கோமாயாகுவா சிறையிலும் அதே கதைதான். 800க்கும் மேற்பட்ட கைதிகளுக்கு இரவுப் பணியில் இருந்த காவலர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சாவி வந்து சேரவில்லை. இறந்தவர்கள் 350க்கும் மேல்.

இரண்டு இடத்திலும் காவலர்களைக் கல்நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். ஆனால் காவலர் தயங்குவதற்கு ஒரு காரணம் இருக்கிறது: திறந்தால் ஓடிவிடுவார்களோ, ஓடினால் என் வேலை போகுமோ. இந்தத் தயக்கத்தை இரவு இரண்டு மணிக்குத் தீர்க்க முடியாது. பகலிலேயே எழுத்தில் தீர்த்து வைத்திருக்க வேண்டும். அதற்கு இரண்டு ஏற்பாடுகள் வேண்டும். ஒன்று, புகையைக் கண்ட காவலர் யாரையும் கேட்காமல் திறக்கலாம் என்ற நிலையாணை, அதாவது எப்போதும் அமலில் இருக்கும் எழுத்து உத்தரவு. மற்றது, திறந்தவுடன் கைதிகள் போய் நிற்க வேண்டிய இடம். அது சிறைக்கு வெளியே இல்லை. சுற்றுச்சுவருக்கு உள்ளேயே, தனியாகப் பூட்டக்கூடிய பக்கத்து முற்றம். இந்த முற்றம் முன்கூட்டியே குறிக்கப்பட்டிருந்தால் 'திறப்பதா, காப்பதா' என்ற கேள்வியே எழாது. ஒரு பூட்டிலிருந்து இன்னொரு பூட்டுக்கு ஆட்களை மாற்றுகிறோம், அவ்வளவுதான்.

அடுத்தது சாவி. பல சிறைகளில் மாலை லாக்கப் (கைதிகளைச் செல்லில் அடைத்துப் பூட்டுவது) முடிந்ததும் சாவிக் கொத்துகள் மெயின் கேட்டில் உள்ள பெட்டிக்குப் போய்விடும். பாதுகாப்புக்கு அது சரி. ஆனால் கேட்டிலிருந்து கடைசி பிளாக்குக்கு நடந்து பார்த்தால் எத்தனை நிமிடம்? நடுவில் எத்தனை கதவு? இதைக் கடிகாரம் வைத்து அளந்தவர்கள் குறைவு. அவசரத்துக்கென்று தனிக் கொத்து, பிளாக் வாரியாக, தினசரிச் சாவியோடு கலக்காமல் இருக்க வேண்டும். வளையத்துக்கு வண்ணம் தீட்டினால் மட்டும் போதாது. புகையில் வண்ணம் தெரியாது. சாவியின் தலையில் அரத்தால் வெட்டுப் போட்டு, முதல் கதவுக்கு ஒரு வெட்டு, இரண்டாம் கதவுக்கு இரண்டு வெட்டு என்று விரல் தடவியே அடையாளம் தெரியும்படி செய்ய வேண்டும். கைப்பூட்டை நம்பியிருக்கும் பிளாக்கில் எல்லாரையும் பத்திரமான இடத்துக்கு மாற்ற 10 பூட்டுக்கு மேல் திறக்க வேண்டியிருக்கக் கூடாது, இரண்டு வகைச் சாவிக்கு மேல் தேவைப்படக் கூடாது என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி. நம் பழைய கட்டடங்களை இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் வேலை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

பூட்டும் கெடும். மழைக்காலம் முடிந்ததும் துருப்பிடித்து இறுகும். தினசரிச் சாவிக்கு வழவழவென்று திறக்கும் பூட்டு, வெட்டியதிலிருந்து பயன்படுத்தாத அவசரச் சாவிக்குத் திறக்காமல் போவதுண்டு. ஆகவே மாதம் ஒருமுறை அவசரக் கொத்தைக் கொண்டே எல்லாப் பூட்டையும் திறந்து பார்க்க வேண்டும். கடைசிக்கு, பூட்டை வெட்டும் பெரிய கருவி ஒன்று, பிளாக்குக்கு வெளியே, காவலர் பொறுப்பில் இருக்கட்டும்.

தீயைவிடப் புகைதான் ஆளை முந்திக் கொல்லும். ஃபோம் மெத்தை எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் சயனைடு வாயுவும் வரும். மூடிய செல்லில் சில நிமிடங்களிலேயே நினைவு தப்பிவிடும். அந்த வகையில் பாயும் ஜமக்காளமும் மேல், ஆனால் தறிக்கூடத்துப் பஞ்சும் திரையாகத் தொங்கவிட்ட போர்வையும் ஆபத்துதான். தீயணைப்பான் 15 மீட்டர் நடைக்குள் கிடைக்க வேண்டும். கம்பிக் கதவுக்கு வெளிப்பக்கம் வைப்பார்கள், உள்ளே வைத்தால் அதுவே ஆயுதமாகும் என்பதால். 6 கிலோ பவுடர் தீயணைப்பான் ஏறக்குறைய 20 வினாடிக்குள் காலியாகிவிடும். குப்பைக்கூடைத் தீக்கு அது போதும், மெத்தைகள் பற்றிக்கொண்டால் போதாது. அந்த நிலையில் அணைக்க நிற்பது தவறு. திறந்து வெளியேற்றுவதுதான் வேலை. மூச்சுக் கருவி போட்டு உள்ளே போவதென்றால் இருவராகத்தான் போக வேண்டும்.

ஒத்திகையைப் பகல் பதினொரு மணிக்கு, மேலதிகாரி பார்வையிடும் நாளில், முழுப் பணியாளர்களையும் வைத்துச் செய்தால் அது நாடகம். இரவுப் பணியில் உண்மையிலேயே எத்தனை பேர் இருப்பார்களோ அத்தனை பேரை வைத்துச் செய்ய வேண்டும். அப்போதுதான் தெரியும்: முற்றத்தின் கேட் சாவி கொத்தில் இல்லை, வாக்கி டாக்கி மூன்றாம் பிளாக்கில் எடுக்கவில்லை, சாவி அட்டையில் எழுத்து அழிந்துவிட்டது.

இரண்டாம் நிலைச் சிறைக் காவலராகத் தேர்வாகியிருக்கிறேன். ரவுண்டு போகும்போது தனியாக ஒரு சண்டையையோ விழுந்து கிடப்பவரையோ பார்த்தால் முதல் சில நிமிடங்களில் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், தேனி

வாழ்த்துகள், தம்பி. முதலில் செய்ய வேண்டியது நிற்பது. கையில் சாவியோடு தனியாக உள்ளே ஓடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒருவர் உள்ளே மாட்டிக்கொண்டால் சாவியும் சேர்ந்து போகிறது; ஒரு செல்லின் சண்டை ஒரு பிளாக்கின் கலவரமாகிவிடும். 'விழுந்து கிடப்பவர்' சில சமயம் தூண்டிலாகவும் இருப்பார்.

விசில் அல்லது அலாரம். அடுத்து வாக்கி டாக்கியில் ஒரே மூச்சில் ஐந்து தகவல்: நீங்கள் யார், எந்த பிளாக் எந்த இடம், என்ன நடக்கிறது, எத்தனை பேர், கையில் ஏதாவது இருக்கிறதா. 'சார், சீக்கிரம் வாங்க' என்பது தகவல் இல்லை. பிறகு உங்கள் பக்கத்துக் கதவைப் பூட்டி, சம்பந்தம் இல்லாதவர்களை அவரவர் செல்லுக்கு அனுப்புங்கள். குரல் கேட்கும் தூரத்தில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டு, என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். 'டேய்' என்று கூட்டத்தைப் பார்த்துக் கத்தினால் யாருக்கும் பொருந்தாது. பெயர் சொன்னால் அந்த ஒருவர் திரும்பிப் பார்ப்பார். மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணையில் முதலில் கேட்பது அதைத்தான். உதவி வந்ததும் சாவியை வெளியே நிற்பவரிடம் கொடுத்துவிட்டு உள்ளே போகலாம். ஒருவர் மூச்சில்லாமல் கிடக்கிறார், சுற்றி யாரும் இல்லை, செல்லில் அவர் மட்டும்தான் என்றால், காத்திருக்கக் கூடாது. அந்த விதிவிலக்கையும் நிலையாணையில் எழுதி வைத்திருக்க வேண்டும். பயிற்சியிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. அலாரம் அடித்ததும் எல்லாரும் அந்த இடத்துக்கு ஓடக் கூடாது. யார் ஓடுவது, யார் கேட்டை விட்டு நகரக் கூடாது, யார் டவரில் நிற்பது என்று ஒவ்வொரு ஷிப்டுக்கும் பட்டியல் வேண்டும். கிழக்கே சண்டை மூட்டிவிட்டு மேற்கே சுவரேறுவது பழைய தந்திரம்.

கதவைப் பூட்டுங்கள் என்று சொல்வதற்குப் பின்னால் ஒரு பெரிய பாடம் உண்டு. 1980 பிப்ரவரி 2 அன்று அதிகாலையில் நியூ மெக்சிகோ மாநிலச் சிறையில் தொடங்கிய கலவரத்தில், பூட்டியிருக்க வேண்டிய நடைபாதைக் கம்பிக் கதவு திறந்தே கிடந்தது. கட்டுப்பாட்டு அறைக்குப் புதிதாகப் போட்ட 'உடையாத' கண்ணாடி உடைந்தது. உள்ளே இருந்த சாவிகள் கைமாறின. பராமரிப்பு வேலைக்கு வந்தவர்கள் விட்டுப்போன கேஸ் கட்டர் கைதிகளுக்குக் கிடைத்தது. பாதுகாப்புக்காகத் தனியாக வைத்திருந்த கைதிகளின் பிளாக்கை அதை வைத்தே அறுத்துத் திறந்தார்கள். 33 கைதிகள் கொல்லப்பட்டார்கள், எல்லாருமே சக கைதிகளின் கையால். ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் அது மாட்டும் இடத்தில் வரைந்து (நிழல்பலகை), மாலையில் எந்த இடம் காலி என்று ஒரே பார்வையில் தெரியும்படி வைப்பது இப்படிப்பட்ட அனுபவங்களில் பிறந்த பழக்கம்.

கலவரம் வரப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?
– வாசகர், ஈரோடு

பெரும்பாலும் தெரியும், தெரிந்ததை யாரிடம் சொல்வது என்பதுதான் தெரியாது. கேண்டீனில் பிஸ்கட்டும் சோப்பும் ஒரே வாரத்தில் தீர்ந்துபோகும், அடைபடும் நாட்களுக்குச் சேர்த்து வைக்கிறார்கள். எப்போதும் வம்பளக்கும் பிளாக் திடீரென்று அமைதியாகும். வழக்கமாகப் பேசுகிறவர்கள் காவலரைக் கண்டால் ஒதுங்குவார்கள். பிளாக் மாற்றம் கேட்டும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றும் மனுக்கள் குவியும். பயந்தவர்கள் முன்கூட்டியே கிளம்புகிறார்கள். 'இந்த வாரம் மனு பார்க்க (கைதியைச் சந்திக்க) வராதீர்கள்' என்று வீட்டுக்குச் சொல்வார்கள். சாப்பாட்டைத் திருப்பி அனுப்புவது கடைசிக் கட்டம்.

ஒவ்வொன்றும் தனியாக வந்தால் அற்பம். மூன்று சேர்ந்தால் விசாரிக்க வேண்டும். அதற்கு ஒவ்வொரு ஷிப்ட் மாறும்போதும் ஐந்து நிமிடம் ஒதுக்கி, 'இன்று என்ன வித்தியாசமாக இருந்தது' என்று ஒரு பதிவேட்டில் எழுதினால் போதும். உளவுக்குச் செலவழிப்பதைவிட இது மலிவு. குறை கேட்கும் நாளில் குறையைக் கேட்டுவிட்டு, முடியும் முடியாது என்று ஒரு வாரத்துக்குள் பதில் சொல்லிவிட்டால் பாதி பிரச்சினை அங்கேயே வடிந்துவிடும். 'முடியாது' என்ற பதிலைக்கூடக் கைதிகள் தாங்குவார்கள். பதிலே வராததைத் தாங்க மாட்டார்கள்.

1999இல் சென்னை மத்திய சிறையில் நடந்தது எதனால்?
– வாசகர், சென்னை

அந்த ஆண்டு நவம்பர் 17 அன்று, கைதி ஒருவர் இறந்துவிட்டார் என்ற செய்தி சிறைக்குள் பரவியது. அடித்துக் கொன்றுவிட்டார்கள் என்று கைதிகள் நம்பினார்கள். கலவரத்தில் சிறை அலுவலர் ஒருவர் எரித்துக் கொல்லப்பட்டார். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் இறந்தார்கள். பழைய சிறை 2006இல் புழலுக்கு மாறியது. கட்டடம் மாறினாலும் பாடம் மாறவில்லை.

கைதி ஒருவர் ஆஸ்பத்திரியில் இறந்தால் அந்தச் செய்தி பிளாக்குக்கு எப்படியும் வரும். கேள்வி, முதலில் யார் வாயிலிருந்து வருகிறது என்பதுதான். கண்காணிப்பாளரே, அன்றைய தினமே, ஒவ்வொரு பிளாக்காகப் போய், எப்போது நோய் கண்டது, எந்த ஆஸ்பத்திரி, குடும்பத்துக்குச் சொல்லியாகிவிட்டதா, எந்த மாஜிஸ்திரேட் விசாரிக்கிறார் என்று நான்கு வாக்கியம் சொன்னால் வதந்திக்கு இடம் குறைகிறது. தெரியாததைத் தெரியாது என்றே சொல்ல வேண்டும். மூடி மறைத்து மறுநாள் சொன்னால், சொல்வது முழு உண்மையாக இருந்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். இறந்தவருக்கு நெருக்கமானவர்கள் யார், அவர்களிடம் முதலில் தனியாகப் பேசுவது யார் என்பதையும் யோசிக்க வேண்டும்.

கொழும்பு வெலிக்கடைச் சிறையில் 1983இலும் 2012இலும் நடந்தவற்றை அவசரநிலை நிர்வாகம் என்ற கோணத்தில் எப்படிப் பார்க்கிறீர்கள்?
– வாசகர், வவுனியா

இரண்டும் வேறு வேறு. 1983 ஜூலை 25 அன்று வெலிக்கடையில் 35 தமிழ்க் கைதிகளும், 27 அன்று மேலும் 18 பேரும் சக கைதிகளால் கொல்லப்பட்டார்கள். இதை நிர்வாகக் குறைபாடு என்று மட்டும் சொன்னால் பொய்யாகிவிடும். சிறை ஊழியர்களின் உடந்தை பற்றி உயிர் தப்பியவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் நிர்வாகக் கண்ணில் உறுத்துவது அந்த இரண்டு நாள் இடைவெளி. ஒரு குழுவைக் குறிவைத்துத் தாக்குதல் நடந்தால், மிஞ்சியவர்களை அன்று இரவே வேறு சிறைக்கு மாற்றுவதும் அவர்கள் பிளாக்குக்கு வேறு காவலர்களைப் போடுவதும்தான் முதல் வேலை. மட்டக்களப்புக்கு மாற்றியது இரண்டாவது கொலைக்குப் பிறகு.

2012 நவம்பர் 9 கலவரம் ஒரு தேடுதலில் தொடங்கியது. இலங்கைப் போலீஸின் விசேட அதிரடிப் படை உள்ளே வந்து சோதனை போட, எதிர்ப்புக் கிளம்பி, கைதிகள் ஆயுதக் களஞ்சியத்தை உடைக்கும் வரை போயிற்று. 27 கைதிகள் கொல்லப்பட்டார்கள். தேடுதல் தேவைதான். ஆனால் தங்களை அறிந்த சிறை ஊழியர்கள் செய்யும் சோதனையும் வெளியிலிருந்து ஒரு படை வந்து செய்யும் சோதனையும் கைதிகளுக்கு ஒன்றல்ல. ஒரு நேரத்தில் ஒரு பிளாக், மற்றவை பூட்டிய நிலையில், பொருளின் சொந்தக்காரர் கண் முன்னால், சாமி படத்தையும் வேத நூலையும் காலடியில் போடாமல், எடுத்த பொருளுக்குப் பட்டியல் கொடுத்து என்பதுதான் முறை. ஆயுதக் களஞ்சியம் கைதிகள் புழங்கும் வளாகத்துக்குள் இருக்கவே கூடாது.

2020 நவம்பர் 29 அன்று இலங்கையின் மஹர சிறையில் 11 பேர் இறந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கொரோனா பரிசோதனை கேட்டும் விடுவிக்கக் கேட்டும் எழுந்த கலவரம் அது. கொள்ளை நோய்க் காலத்தில் நெரிசலைக் குறைப்பதே கலவரத் தடுப்பு. இந்திய உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 23 அன்றே மாநிலந்தோறும் உயர்மட்டக் குழு அமைத்து, யாரை இடைக்கால ஜாமீனிலும் பரோலிலும் அனுப்பலாம் என்று முடிவு செய்யச் சொன்னது நினைவிருக்கும்.

கண்ணீர்ப்புகை போட்டால் சீக்கிரம் அடங்கிவிடாதா?
– வாசகர், நாமக்கல்

திறந்த முற்றத்தில், வெளியேற வழி இருக்கும்போது, காற்றின் திசை பார்த்து என்றால் சரி. பூட்டிய பிளாக்குக்குள் போட்டால் அடங்கியவர்களும் ஆஸ்துமாக்காரர்களும் சேர்ந்துதான் மூச்சுத் திணறுவார்கள். ஓட இடமில்லாத கூட்டம் கதவை நோக்கியே வரும். குண்டின் உறை சூடாகிப் போர்வையைப் பற்றவைப்பதும் உண்டு. ஐக்கிய நாடுகள் சபையின் நெல்சன் மண்டேலா விதிகளில் 82ஆவது விதி, தற்காப்பு, தப்பும் முயற்சி, சட்டப்படியான உத்தரவுக்கு எதிர்ப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே பலப்பிரயோகம், அதுவும் தேவைக்கு மேல் கூடாது, உடனே மேலதிகாரிக்கு அறிக்கை என்கிறது.

பணயக்கைதியாக ஒரு ஜெயிலரைப் பிடித்துவிட்டால் அவர் சொல்லும் உத்தரவைக் கேட்க வேண்டுமா?
– வாசகி, திருச்சி

கேட்கக் கூடாது. பிடிபட்ட நொடியில் அவருடைய பதவி அவரை விட்டுப் போய்விடுகிறது. கண்காணிப்பாளரே பிடிபட்டாலும் இதே விதிதான். 'கேட்டைத் திற' என்று அவர் கத்தினால் கழுத்தில் கத்தி இருக்கிறது என்று பொருள். இது எல்லாருக்கும் தெரியும் என்பது கைதிகளுக்கும் தெரிந்திருந்தால், பிடிப்பதால் பயனில்லை என்று ஆகும். அதனால் இந்த விதியை ரகசியமாக வைக்கக் கூடாது.

பேச்சுவார்த்தை நடத்துபவர் முடிவெடுப்பவராக இருக்கக் கூடாது. 'மேலே கேட்டுச் சொல்கிறேன்' என்று சொல்ல முடிந்தால்தான் நேரம் கிடைக்கும். நேரம் போகப் போகப் பசியும் களைப்பும் கோபத்தைக் குறைக்கும். சாப்பாடு, தண்ணீர், மருந்து போன்ற சின்ன விஷயங்களை விட்டுக்கொடுத்து, பதிலுக்கு நோயாளியை வெளியே வாங்கலாம். ஆயுதமும் வண்டியும் புதிய பணயக்கைதியும் பேரத்துக்கே வரக்கூடாது.

1971 செப்டம்பரில் நியூயார்க் மாநிலத்தின் ஆட்டிகா சிறையில் நான்கு நாள் பேச்சுக்குப் பிறகு 13ஆம் தேதி போலீஸ் சுட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தது. அந்தத் தாக்குதலில் மட்டும் 39 பேர் இறந்தார்கள், அவர்களில் பணயக்கைதிகள் 10 பேர். பணயக்கைதிகளின் கழுத்தைக் கைதிகள் அறுத்துவிட்டார்கள் என்று அதிகாரிகள் அன்றே சொல்லிவிட்டார்கள். பிரேதப் பரிசோதனையில் எல்லார் உடம்பிலும் தோட்டாதான். அன்று துப்பாக்கி வைத்திருந்தது உள்ளே நுழைந்தவர்கள் மட்டுமே.

மகனை ரிமாண்டில் அனுப்பிவிட்டார்கள். தினமும் குடிப்பவன், வலிப்பும் உண்டு. நான் என்ன செய்ய முடியும்?
– ஒரு தாய், விழுப்புரம் மாவட்டம்

அம்மா, இதில் நேரம் முக்கியம். தினமும் அதிகம் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால், கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டு மூன்று நாளில் கை நடுக்கம் கூடி, இல்லாதது கண்ணில் தெரிந்து, ஆள் தெரியாமல் பேசத் தொடங்கினால் அது உயிராபத்து. உள்ளே அதைப் 'பைத்தியம்', 'நடிப்பு' என்று எண்ணித் தனி செல்லில் அடைத்துவிடுவார்கள் என்பதே பயம். சிறை மருத்துவர் முன்கூட்டியே அறிந்திருந்தால் மாத்திரையாலும், குளுக்கோஸ் ஏற்றும் முன் தையமின் ஊசியாலும் தடுக்கக்கூடியது இது.

வலிப்பு மாத்திரைச் சீட்டு, பழைய ஆஸ்பத்திரி நோட்டு, கடைசியாகக் குடித்த நாள், மணி இவற்றை ஒரு தாளில் எழுதி, நகல் எடுத்து, வக்கீல் மூலம் மாஜிஸ்திரேட்டிடமும் சிறை மருத்துவரிடமும் சேர்த்துவிடுங்கள். மாத்திரையை நீங்களே உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். சீட்டு போய்ச் சேர்ந்தால் போதும். வக்கீல் இல்லையென்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100 என்ற இலவச எண்ணில் கூப்பிடலாம்.

நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று. நோயாளியை வெளியே அனுப்புவதில் தாமதம் மருத்துவரால் வருவதைவிட வழிக்காவலால் வருவது அதிகம். ஆயுதப்படையிலிருந்து எஸ்கார்ட் வரும்வரை நெஞ்சுவலிக்காரர் காத்திருக்க முடியாது. 108 வண்டி வந்ததும் சிறைக் காவலர் இருவரோடு அனுப்பிவிட்டு, எஸ்கார்ட் நேராக ஆஸ்பத்திரிக்கு வரட்டும் என்று முன்பே எழுதி வைத்துக்கொண்டால் அரை மணி மிச்சம். வண்டி உள்ளே வரும்போது திட்டிவாசலில் (பெரிய கேட்டில் உள்ள சிறு கதவில்) ஆளை இறக்கி ஒவ்வொருவராகச் சோதிக்கும் வழக்கத்துக்கும் அவசரத்துக்கென்று ஒரு சுருக்கமான முறை வேண்டும்.

தற்கொலையைத் தடுக்கக் கைதியைத் தனியாக வைத்துக் கண்காணிப்பது நல்லதா?
– வாசகர், மதுரை

தனிமையே விஷம். ஆபத்தில் இருப்பவரை நம்பிக்கையான ஒருவரோடு சேர்த்து, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து முழுதும் தெரியும் செல்லில் வைப்பதே சரி. கேமரா இருக்கிறது என்று ஆளைக் குறைக்கக் கூடாது. கேமரா பார்க்கும், போய்ப் பிடிக்காது. சுற்று 15 நிமிடத்துக்கு மிகாமல், ஆனால் ஒரே இடைவெளியில் இல்லாமல் இருக்க வேண்டும். சரியாகக் கால் மணிக்கு ஒருமுறை வந்தால் நடுவில் எத்தனை நிமிடம் இருக்கிறது என்று உள்ளே இருப்பவருக்குத் தெரிந்துவிடும்.

ஆபத்தான நேரங்கள்: உள்ளே வந்த முதல் நாள், முதல் வாரம், தீர்ப்பு வந்த இரவு, ஜாமீன் தள்ளுபடி, வீட்டில் சாவு அல்லது மனைவி பிரிந்த செய்தி, மனு பார்க்க யாரும் வராத வாரம். கோர்ட்டிலிருந்து திரும்பும் கைதியிடம் 'என்னாச்சு?' என்று கேட்க ஒரு ஆள் கேட்டில் இருந்தால் பாதித் தகவல் கிடைத்துவிடும்.

தொங்குபவரைக் கண்டால் செத்துவிட்டார் என்று யாரும் முடிவு செய்யக் கூடாது. ஒருவர் உடலைத் தூக்கிப் பிடிக்க, மற்றவர் முடிச்சுக்கு மேலே அறுத்து, கழுத்தைத் தாங்கி இறக்க வேண்டும். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 5 செ.மீ. ஆழம், மருத்துவர் வரும்வரை. முடிச்சை அறுப்பதற்கென்றே முனை வளைந்த, உட்பக்கம் மட்டும் கூரான கத்தி உண்டு. ஒவ்வொரு பிளாக் காவலர் மேசையிலும் முத்திரையிட்ட உறையில் ஒன்று இருக்க வேண்டும்.

வெளியே இருக்கும் குடும்பத்தாருக்கோ காவலருக்கோ மனம் தாங்காமல் போனால் 14416, 104 ஆகிய உதவி எண்களில் பேசலாம்.

வெள்ளம் வந்தால் சிறையைக் காலி செய்வார்களா?
– வாசகர், கடலூர்

காலி செய்வது கடைசி வழி. ஆனால் அதற்கும் திட்டம் வேண்டும். 2005இல் கத்ரீனா புயலின்போது நியூ ஆர்லியன்ஸ் நகரச் சிறையில் 6,000க்கும் மேற்பட்டவர்களை அப்படியே வைத்திருந்தார்கள். ஜெனரேட்டரும் மின்சாரமும் போய், கீழ்த்தளச் செல்களில் நெஞ்சளவு தண்ணீர் ஏறியது. படகில் ஏற்றி வெளியேற்ற மூன்று நாள் ஆனது. ஜெனரேட்டர் உயரமான மேடையில் இருக்கட்டும். மாதம் ஒருமுறை சும்மா ஓட்டிப் பார்க்காமல் முழு லோடு போட்டு ஓட்டுங்கள். எந்தச் சிறைக்கு எத்தனை பேர், எந்த பஸ், எந்த வழி, யார் யாரோடு சேரக் கூடாது என்பதெல்லாம் அக்டோபருக்கு முன்பே தாளில் இருக்க வேண்டும். கைதிகளின் பதிவேட்டு நகலும் மருந்துப் பட்டியலும் தண்ணீர் புகாத பையில் கூடவே போக வேண்டும்.

ஒரே நாளில் இருபது பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால்?
– கிளைச் சிறை ஊழியர்

தண்ணீரையும் சமையலறையையும் ஒரே நேரத்தில் சந்தேகியுங்கள். 1,000 லிட்டர் தொட்டிக்கு நல்ல பிளீச்சிங் பவுடர் சுமார் 2.5 கிராம், வாளியில் கரைத்துத் தெளிவை மட்டும் ஊற்றி ஒரு மணி நேரம் விட்டு, குழாயில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் மிஞ்சுகிறதா என்று பாருங்கள். பழைய, காற்றுப்பட்ட பவுடரில் சத்து இருக்காது. மிச்ச அளவு காட்டவில்லை என்றால் அளவைக் கூட்ட வேண்டும். ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் ஒரு கிண்ணம் எடுத்து மூடி, தேதி எழுதி, 48 மணி நேரம் ஃபிரிட்ஜில் வைக்கும் பழக்கம் இருந்தால் காரணம் கண்டுபிடிக்கச் சுலபம். சமையல் செய்யும் கைதிகளில் யாருக்காவது வயிறு சரியில்லையா என்று கேட்க மறந்துவிடாதீர்கள். வேலைக்கூலி போய்விடுமே என்று அவர்கள் மறைப்பார்கள். வேலைக்கு வராமல் நின்றாலும் கூலி உண்டு என்று சொன்னால் உண்மை வரும்.

சிறையில் ஒருவர் இறந்தால் சட்டப்படி என்ன நடக்க வேண்டும்?
– வாசகி, கோவை

24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல். நீதித்துறை மாஜிஸ்திரேட் விசாரணை. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டம் 176(1அ), இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 196. பிரேதப் பரிசோதனை வீடியோவில் பதிவாக வேண்டும். விசாரணையின்போது உறவினர் உடன் இருக்கலாம். அதைக் கேட்டு வாங்குங்கள்.

கைதிகளுக்கே முதலுதவி, தீயணைப்புப் பயிற்சி கொடுப்பது ஆபத்தில்லையா?
– வாசகர், பாளையங்கோட்டை

இரவு லாக்கப்புக்குப் பிறகு மூச்சு நின்றவருக்குப் பக்கத்தில் இருப்பது காவலர் அல்ல, சக கைதி. காவலர் வந்து பூட்டைத் திறக்க ஆகும் நான்கைந்து நிமிடத்தில் மூளை சேதமாகத் தொடங்கிவிடும். எனவே ஒவ்வொரு செல்லிலும் நெஞ்சை அழுத்தத் தெரிந்த இருவர், வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்க வைக்கத் தெரிந்த இருவர் இருப்பது காவலருக்கே உதவி. தீயணைப்பானைக் கொடுக்கத் தேவையில்லை. புகை வந்தால் தரையோடு தவழ்வது, ஈரத்துணியைக் கதவிடுக்கில் வைப்பது, கம்பியைத் தட்டி எந்தச் செல் என்று சொல்வது, எந்த முற்றத்துக்குப் போவது என்பதைக் கற்றுக்கொடுக்கலாம். கோமாயாகுவாவில் அந்த இரவு பூட்டுகளை உடைத்துப் பலரை வெளியே இழுத்தவர், மருத்துவ அறையில் உதவியாளராக இருந்த ஒரு கைதி.